ஜூலை 4-க்கு சிவப்பு, வெள்ளை, நீலக் குக்கீகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம். ஜூன் கடைசி வாரம் வந்தால் போதும், "ஜூலை ஃபோர்த்துக்கு குக்கீ செய்யணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் அமெரிக்கா வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். பக்கத்து வீட்டார் பாட்லக் விருந்துக்கு (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து) அழைத்திருப்பார்கள், பிள்ளை கொடியின் மூன்று நிறத்திலும் குக்கீ வேண்டும் என்று அடம் பிடித்திருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நியூ ஜெர்சியின் புழுக்கத்தில் கற்றுக்கொண்டவை இவை. அரிசோனா மாதிரி வறண்ட இடத்தில் இருப்பவர்களுக்கு, ஐசிங் காய்கிற விஷயத்தில் என்னைவிட யோகம்.

எத்தனை நாள் முன்னால் தொடங்க வேண்டும்?

மூன்று நாள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஜூலை 1 இரவு மாவைப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐசிங்குக்குச் சிவப்பையும் நீலத்தையும் அன்றைக்கே கலக்கிவைப்பது நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன். 2-ஆம் தேதி காலையில், வீடு சூடாவதற்கு முன், சுட்டு எடுங்கள். 3-ஆம் தேதி ஐசிங் போட்டு இரவு முழுவதும் காயவிடுங்கள். 4-ஆம் தேதி ஓவன் பக்கமே போகாதீர்கள். அன்றைக்கு வெளியே 90 டிகிரி (இங்கே எல்லாமே ஃபாரன்ஹீட்) வெயில் அடிக்கும், சமையலறையில் யாராவது உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பார்கள், வெண்ணெய் வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். அன்று சுட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் கடைசியில் கடை டப்பாவோடுதான் விருந்துக்குப் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன்.

ஏன் நான்காம் தேதி? அன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டார்களா?

இல்லை. பிரிட்டனிடமிருந்து விடுதலை வேண்டும் என்று பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் (குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை) வாக்களித்தது 1776 ஜூலை 2-ஆம் தேதி. சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது 4-ஆம் தேதி. பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். அந்தச் சபையில் இருந்த ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதத்தில், இனி வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2-ஐ ஊர்வலமும் விளையாட்டும் தீபாலங்காரமுமாகக் கொண்டாடும் என்று சொன்னார். தேதிதான் தவறிவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. அதனால் 2-ஆம் தேதி குக்கீ சுடுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி எடுக்கும் சுகர் குக்கீக்கு என்ன அளவு?

உப்பில்லாத வெண்ணெய் 2 ஸ்டிக் (226 கிராம்), சர்க்கரை 1 கப் (200 கிராம்), முட்டை 1, வெனிலா எசென்ஸ் 2 டீஸ்பூன், ஆல் பர்ப்பஸ் மாவு 3 கப் (சுமார் 370 கிராம்), உப்பு அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன். இரண்டரை அங்குல நட்சத்திரக் கட்டரில் வெட்டினால் முப்பது வரை வரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் இரண்டு நிமிடம் மட்டும் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல நுரைக்க அடித்தால் உள்ளே காற்று ஏறி, ஓவனில் குக்கீ உப்பி, வடிவம் போய்விடும். முட்டை, வெனிலா சேர்த்து, பிறகு மாவு வகையறாவைச் சேர்த்து, ஒன்றாகத் திரண்டதும் நிறுத்துங்கள். சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசைந்தால் கடிக்க முடியாது. கால் அங்குலக் கனத்தில் தேய்த்து, வெட்டி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 8 முதல் 10 நிமிடம். விளிம்பு சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள். மேலே இருக்கும் பளபளப்பு மங்கி, அடிவிளிம்பு வெளிறிய பொன்னிறம் ஆனதுமே எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே ஐந்து நிமிடம் இருந்தால் இறுகிவிடும்.

கப்பால் அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பைக்குள் கப்பை விட்டு மாவை வாரினால் ஒரு கப் 150 கிராம்வரை போய்விடும். ஸ்பூனால் தளரப் போட்டு, கத்தியால் வழித்துவிடுங்கள். எடை பார்க்கும் தராசு இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

நட்சத்திரமாக வெட்டினேன், வெளியே வந்தது அப்பம் மாதிரி. என்ன தப்பு?

வெப்பம்தான், வேறென்ன. வெண்ணெய் சுமார் 65 டிகிரியில் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் பளபளக்காது. அடிப்பதற்கு அதுதான் சரியான பதம். ஜூலையில் சமையலறை 80 டிகிரி இருக்கும்போது "ரூம் டெம்பரேச்சர் வெண்ணெய்" என்று புத்தகம் சொல்வதை நம்பினால், எண்ணெயாக உருகும் தறுவாயில் இருப்பதைத்தான் அடிப்பீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடத்திலேயே தொட்டுப் பாருங்கள்.

நான் செய்வது இப்படி: பிசைந்த மாவை உடனே இரண்டு பார்ச்மென்ட் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிடுவேன். தேய்த்த தகட்டை அப்படியே ட்ரேயோடு ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம். உருண்டையாகக் குளிரவைத்துப் பிறகு கல்லைத் தேய்ப்பதுபோலத் தேய்க்கும் அவஸ்தை இதில் இல்லை. வெட்டிய துண்டுகளை மறுபடி பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, நேராக ஓவனுக்கு. முதல் ஈடு சுட்ட ட்ரே சூடாக இருக்கும்போது அடுத்த ஈட்டை அதில் அடுக்காதீர்கள். ஓவனுக்குள் போகும் முன்பே உருக ஆரம்பித்துவிடும்.

நட்சத்திரத்தின் முனைகள் மட்டும் கருகினால், கட்டரின் கால்கள் ரொம்ப ஒல்லி என்று அர்த்தம். குண்டு நட்சத்திரம் வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. வேறு வழி?

முட்டைக்குப் பதில் தயிர், கண்டென்ஸ்டு மில்க் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம். முட்டையே தேவைப்படாத ஷார்ட்பிரெட் செய்யுங்கள். எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. அதாவது 113, 226, 340 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. 325 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வடிவம் கலையாது, வாயில் போட்டால் நெய் பிஸ்கட் மாதிரி கரையும். உண்மையைச் சொன்னால் முட்டை போட்டதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஐசிங்குக்கும் முட்டை வெள்ளை தேவையில்லை. மெரிங் பவுடர் என்று விற்பது உலர்ந்த முட்டை வெள்ளைதான், ஏமாந்துவிடாதீர்கள். ஒரு கப் பொடித்த சர்க்கரை, ஒன்றரை டேபிள்ஸ்பூன் பால், இரண்டு டீஸ்பூன் கார்ன் சிரப் கலந்தால் பளபளப்பான கிளேஸ் கிடைக்கும். காய நேரமாகும், கல்போல இறுகாது, ஆனால் தின்பதற்கு ராயல் ஐசிங்கைவிட நன்றாக இருக்கும்.

ராயல் ஐசிங் எப்படி? பதம் எப்படித் தெரியும்?

பொடித்த சர்க்கரை 4 கப், மெரிங் பவுடர் 3 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 5 டேபிள்ஸ்பூன். பளபளப்பு போய்க் கெட்டியாக நிற்கும்வரை ஏழெட்டு நிமிடம் அடியுங்கள். பச்சை முட்டை வெள்ளையில் செய்யச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். சால்மோனெல்லா கிருமி பயம் ஒருபுறம், விருந்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள் என்பது மறுபுறம்.

குக்கீயின் மேல் பரப்ப, இதில் கொஞ்சத்தை எடுத்து அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாகத் தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள். கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கிழித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்திலிருந்து பதினைந்துக்குள் கோடு மூடிக்கொண்டால் சரி. ஐந்திலேயே மூடினால் விளிம்பைத் தாண்டி ஒழுகும். இன்னும் கொஞ்சம் கெட்டி ஐசிங் சேருங்கள். இருபது ஆகியும் மூடவில்லை என்றால் மேற்பரப்பு மேடுபள்ளமாகக் காயும். பாகு பதம் பார்த்துப் பழகிய கைகளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முறுக்கு பிழிகிறவர்கள் ஐசிங் பையை அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

சிவப்பு போட்டால் பிங்க் வருகிறது, நீலம் போட்டால் பச்சை வருகிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு சிக்கல்.

சிவப்புக்குப் பொறுமை வேண்டும். ஜெல் கலரே வாங்குங்கள்; தண்ணீராக இருக்கும் சின்ன பாட்டில்களைக் கொட்டினால் ஐசிங் நீர்த்துப்போகும், சிவப்பு மட்டும் வராது. ஜெல்லையும் அழுத்தமான சிவப்பு வரும்வரை பிதுக்கிக்கொண்டே போனால் ஐசிங் கசக்கும். அடர்ந்த ரோஜா நிறம் வந்ததும் நிறுத்தி, கிண்ணத்தை இறுக மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் பார்த்தால் நிறம் இரண்டு படி ஏறியிருக்கும். அதனால்தான் முன்கூட்டியே கலக்கச் சொன்னேன். நீலமும் அப்படித்தான் ஏறும். நேற்று வான நீலம், இன்று கொடி நீலம்.

நீலம் பச்சையாவது மாவுக்கு நிறம் சேர்க்கும்போது. வெண்ணெயும் மஞ்சள் கருவும் மஞ்சள், அதில் நீலம் சேர்ந்தால் பச்சைதானே வரும்? முட்டையின் வெள்ளையை மட்டும் சேர்த்து, பல்குச்சி முனையில் ஒரு துளி ஊதா ஜெல் தொட்டுக் கலந்தால் பச்சை அடங்கும். சிவப்பு மாவுக்கு ஒரு டீஸ்பூன் கோகோ பவுடர் சேர்த்தால் அழுத்தம் கூடும். நிறம் சேர்த்த மாவை 325 டிகிரியிலேயே சுடுங்கள். பொன்னிறம் ஏற ஏற நிறம் செத்துவிடும்.

வெள்ளை ஏன் பழுப்பாகத் தெரிகிறது?

வெனிலாதான். ஐசிங்குக்கு நிறமற்ற வெனிலா அல்லது ஆல்மண்ட் எசென்ஸ் போடுங்கள். அது போதவில்லையென்றால் வெள்ளை ஜெல் ஒன்று தனியாக விற்கிறது. எல்லோரும் சிவப்புக்கும் நீலத்துக்கும் மெனக்கெடுகிறார்கள். தட்டை எடுப்பாகக் காட்டுவது வெள்ளைதான்.

சிவப்பு வழிந்து வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியாது. தின்றுவிடலாம்.

சில வருடங்களுக்கு முன் நாற்பது குக்கீக்குக் கோடு போட்டேன், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று அடுத்தடுத்து, ஈரத்தோடு ஈரமாக. இரவு மழை. பெட்டியில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் திறந்தால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மருதாணி வழிந்த மாதிரி சிவப்பு ரேகை. நட்சத்திரங்களின் மேல் வியர்வைத் துளிகள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "டை-டை பண்ணியிருக்கியா, அழகா இருக்கே" என்றார். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதைச் சொல்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் கற்றுக்கொண்டது: முதலில் வெள்ளைக் கோடுகளை மட்டும் போட்டு, மேசை ஃபேன் முன்னால் ஒரு மணி நேரமாவது காயவிட வேண்டும். விரலால் மெல்லத் தொட்டால் ஒட்டாமல் ஓடு கட்டியிருக்க வேண்டும். பிறகுதான் சிவப்பு. ஐசிங்கில் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஏசி ஓடும் அறையில் இரவு முழுவதும் திறந்து காயட்டும், 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ஐசிங் போட்ட குக்கீ ஃபிரிட்ஜ் பக்கம் போகவே கூடாது. குளிர்ந்ததை வெளியே எடுத்ததும் அதன்மேல் ஈரம் படியும், நிறம் ஓடும்.

செயற்கை நிறம் வேண்டாம். இயற்கையாக முடியுமா?

முடியும், ஆனால் கொடி நிறம் கிடைக்காது. மங்கலான, அழகான வேறு நிறங்கள் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டால் சரி.

நீலத்துக்கு நம்ம ஊர் வேலியில் படரும் சங்குப்பூவேதான். இங்கே உலர்ந்த பூவாகவும் பொடியாகவும் விற்கிறது. அதன் சாற்றை உணவு நிறமியாக எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) 2021-இல் அனுமதித்தது. ஐந்தாறு உலர்ந்த பூவை இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஐசிங்கில் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் ஊதாவாகிவிடும். பூவின் நிறமி புளிப்புக்கு நிறம் மாறும் வகை. க்ரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புப் பொடி கலந்த ஐசிங்கிலும் அதே கதை. பிள்ளைகளிடம் ஒரு கிண்ணத்தையும் ஒரு எலுமிச்சைத் துண்டையும் கொடுத்துவிட்டால் அரை மணி நேரம் தொந்தரவு இல்லை.

சிவப்புக்கு, ஃப்ரீஸ் ட்ரை செய்த ஸ்ட்ராபெரியைப் பொடித்துச் சலித்துச் சேருங்கள். நிறம் ரோஜாதான், ருசி பிரமாதம். பீட்ரூட் பொடி ஐசிங்குக்கு ஆகும். மாவில் போட்டுச் சுட்டால் பழுப்படித்துவிடும்.

சிவப்பு நிறமியைத் தடை செய்துவிட்டார்களாமே?

தடை ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்புக்கு. 2025 ஜனவரியில் எஃப்டிஏ அதன் அனுமதியை ரத்து செய்தது. உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி 15 வரை அவகாசம். அலமாரியில் பழைய ஜெல்லும் ஸ்பிரிங்கிள்ஸும் (மேலே தூவும் நிறச் சர்க்கரைத் துணுக்குகள்) இருந்தால் லேபிளைப் பாருங்கள். ரெட் 40 என்பது வேறு, அது இந்தத் தடையில் இல்லை.

ஸ்பிரிங்கிள்ஸ் சைவமா?

எல்லாம் இல்லை. "கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ்" என்று இருந்தால் அது அரக்குப் பூச்சியிலிருந்து வரும் ஷெல்லாக். "கார்மைன்" என்றால் கோச்சினியல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு. உணவில் கார்மைன் சேர்த்தால் லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் படித்தால் தெரிந்துவிடும். மேலே ஒட்டும் மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்கும்.

மாவுக்குள் கலப்பதாக இருந்தால் நீள நீளமான ஜிம்மீஸ் வகையை வாங்குங்கள். கடுகு சைஸ் உருண்டைகள் ஈர மாவில் பட்டதுமே சாயம் விட்டு எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும்.

ஐசிங்குக்கெல்லாம் நேரமில்லை. சுலபமாக ஏதாவது?

ஷார்ட்பிரெட் மாவை உருளையாக உருட்டி, சிவப்பு வெள்ளை நீல ஜிம்மீஸ் கொட்டிய தட்டில் புரட்டி, தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது வட்டம் வட்டமாக நறுக்கிச் சுட்டால் ஓரமெல்லாம் நிறம். வேலை மொத்தமே அரை மணி நேரம். முதல் தடவை செய்பவர்கள் இதிலேயே ஆரம்பிக்கலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

தட்டில் கொடி மாதிரி அடுக்க ஆசை. கணக்கு எப்படி?

குச்சி குச்சியாக வெட்டிய குக்கீ 13 வேண்டும்: 7 சிவப்பு, 6 வெள்ளை. மேலிருந்து முதல் ஏழு வரிசை குட்டை, நீலக் கட்டத்துக்கு இடம் விட வேண்டுமே. இதில் நான்கு சிவப்பு, மூன்று வெள்ளை. கீழே ஆறு வரிசை முழு நீளம், வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். நீலக் கட்டத்துக்கு அடியில் வருவது வெள்ளைக் கோடு. அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும். 50 நட்சத்திரத்தை ஐசிங்கில் வைக்கப் பார்க்காதீர்கள். நீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் போதும், கண் நட்சத்திரமாகப் படித்துக்கொள்ளும்.

கொடியைத் தின்பது அவமரியாதை இல்லையா?

நம்மவர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி இது. அமெரிக்கக் கொடி விதிகளில், காகித நாப்கின் மாதிரி உபயோகித்துத் தூக்கிப்போடும் பொருள்களில் கொடியை அச்சிட வேண்டாம் என்று இருக்கிறதுதான். ஆனால் அது வழிகாட்டுதல். அன்றைக்குக் கடைக்குப் போனால் நாப்கினே கொடியாகத்தான் இருக்கும். ஊரில்கூட, 2013 கிறிஸ்துமஸில் கோயம்புத்தூரில் மூவர்ண இந்திய வரைபட கேக் வெட்டியதைப் பற்றிய வழக்கில், அது தேசிய கௌரவச் சட்டப்படி குற்றமாகாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னும் மனசு உறுத்தினால் நட்சத்திரமாக வெட்டுங்கள்.

பார்க்குக்கு எடுத்துப்போவது எப்படி?

தட்டையான டப்பா, அடுக்குக்கு நடுவே பார்ச்மென்ட். ஐஸ் போட்ட கூலருக்குள் வேண்டாம், ஈரம் ஏறும். காரில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்; 90 டிகிரி நாளில் அரை மணி நேரத்தில் காருக்குள் 120-ஐத் தாண்டிவிடும். சாக்லேட் பூசியவற்றை வீட்டிலேயே தின்றுவிடுங்கள். டப்பாவின் மேல் கோதுமை, பால், முட்டை, நட்ஸ் எது எது இருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா தூரத்திலிருந்தே படித்துக்கொள்வார்.

மிச்சமானால் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். ஐசிங் போடாததை ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமலேயே குளிர் விடட்டும்.

பிள்ளைகள் பச்சை மாவைத் தின்கிறார்களே?

விடாதீர்கள். முட்டை இல்லாத மாவாக இருந்தாலும் வேண்டாம். மாவு பச்சைத் தானியம் அரைத்தது, ஈ.கோலை கிருமி இருக்கலாம். கை பரபரக்கிற பிள்ளைக்கு ஐசிங் ஸ்பூனைக் கொடுங்கள்.

நீலம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறதே, போகுமா?

நாக்கில் அன்றைக்கே போய்விடும். பல்லில் ஒட்டியது துலக்கினால் போகும். வெள்ளை டீ-ஷர்ட்டில் பட்டதற்கு உடனே குளிர்ந்த தண்ணீர், அப்புறம் பாத்திரம் துலக்கும் திரவம். வெந்நீர் வேண்டாம், கறை ஊறிவிடும். இரவு வாணவேடிக்கை பார்க்கும்போது அண்ணாந்த வாய் எல்லாம் நீலமாக இருக்கும். புகைப்படம் எடுப்பதாக இருந்தால் குக்கீயைப் படம் முடிந்த பிறகு கொடுங்கள்.